நடுத்தரக் கேமராவை நடுநிலையாக மதிப்பிட்ட வரலாறு

பூலாங்கரை ஒளிப்பட ஆர்வலர் மன்றத்தில் ஒளி இருந்தது, ஆர்வம் இருந்தது, மன்றமும் இருந்தது. கேமராதான் இல்லை. மன்றத்தின் பெயரில் அந்தச் சொல் வராததால் நெடுநாள் யாரும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

மன்றம் இயங்கியது கடைத்தெருவில், ஆவுடையப்பன் பாத்திரக்கடை மாடியில். தலைவர் ஆவுடையப்பனேதான். செயலாளர் வடிவு, எதிர் வரிசையில் தையல்கடை வைத்திருந்தார். பொருளாளர் கோமதிநாயகம் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர்; மன்றத்தில் பொருள் எதுவும் இல்லாததால் இங்கேயும் ஓய்வாகவே இருந்தார். தேங்காய் வியாபாரி சங்கிலி உறுப்பினர். உறுப்பினர் அவர் ஒருவர்தான். அவர் மாடிப்படி ஏறி வந்துவிட்டால் பொதுக்குழு கூடியதாகப் பொருள். வெற்றிலை துப்ப எழுந்து போனால் பொதுக்குழு ஒத்திவைக்கப்படும்.

கேமரா இல்லாமல் எப்படிப் படம் எடுத்தார்கள் என்று கேட்கலாம். இரண்டு கை விரல்களையும் சட்டம்போல் கூட்டி, ஒரு கண்ணை மூடி, வாயால் 'க்ளிக்' என்பார்கள். பிறகு எடுத்த படத்தை மற்றவர்களுக்கு விவரித்துச் சொல்வார்கள். மன்றத்தின் சுவரில் வெறும் சட்டங்களாகப் பல தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு இருந்தது. 'மழைக்கு ஒதுங்கிய எருமை' என்ற படத்தைப் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர், "எருமையைக் காணோமே?" என்று கேட்டபோது, "ஒதுங்கியிருக்குல்லா, எப்படித் தெரியும்?" என்று கோமதிநாயகம் பதில் சொன்னது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

சிக்கல் கோயில் கொடைத் திருவிழாவில் வந்தது. கொடைப் பந்தலில் வருஷா வருஷம் மன்றத்துக்கு ஒரு மூலை ஒதுக்குவார்கள். இந்த வருஷம் விழாக் குழு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: சட்டத்துக்குள் படம் இருந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் அந்த மூலையை ஜிகர்தண்டாக் கடைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"ஜிகர்தண்டாவுக்கா?" என்றார் வடிவு. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் பக்கத்து நகரத்து ஜங்ஷனில் கேமராக் கடை நடத்தும் சேவியர் போன் செய்தார். புதிதாக ஒரு ரகக் கேமரா நாலைந்து வந்து விற்காமல் கிடந்தன. ஆர்வலர்கள் யாராவது பயன்படுத்திப் பார்த்து நாலு வரி எழுதிக் கொடுத்தால் கடையில் ஒட்டி வைக்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. டெலிபோன் டைரக்டரியில் ஆர்வலர் என்ற சொல்லைத் தேடியதில் பூலாங்கரை அகப்பட்டது. விதி என்று சொல்வதை விட அகரவரிசை என்று சொல்வதே பொருத்தம்.

ஆவுடையப்பன் போனை ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்த்த அண்டா ஒன்றின் மேல் வைத்தார். நால்வரும் சுற்றி நின்றார்கள்.

"இது நடுத்தரக் கேமரா அண்ணாச்சி," என்றார் சேவியர். "ரொம்ப ஒசத்தியும் இல்ல, ரொம்ப சாதாவும் இல்ல. ஒரு வாரம் வச்சுப் பாருங்க. மொதல்ல ஆட்டோல வச்சு எடுங்க. அப்புறம் மேனுவல்ல வச்சு எடுங்க. கூர்மை எப்படி இருக்குன்னு பாருங்க. வெளிச்சம் கம்மியான எடத்துல இரைச்சல் எவ்வளவு வருதுன்னு பாருங்க. கடைசியா, நடுநிலையா நின்னு கேமராவைப் பத்தி எழுதுங்க. ரிப்போர்ட் உருப்படியா இருந்தா கேமரா மன்றத்துக்கே. இல்லேன்னா திரும்ப வாங்கிக்கிடுவேன். சரிதானா?"

"சரி," என்றார்கள் நால்வரும். சொன்னதில் ஒரு சொல் பிசகக்கூடாது என்று அன்றே தீர்மானம் நிறைவேறியது. பிசகவில்லை. இந்த வரலாறு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

கேமரா பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. அதை அண்டாவின் மேல் வைத்து, நால்வரும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

மதியம் ஆயிற்று. சங்கிலிக்குப் பசித்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் அண்ணாச்சி?"

"ஒரு வாரம் வச்சுப் பாருங்கன்னாரு. வச்சிருக்கோம். பாத்துக்கிட்டு இருக்கோம். எதுக்கு அவசரம்?"

"அதுவும் நம்மளையே பாக்குது," என்றார் கோமதிநாயகம், கொஞ்சம் நெளிந்து. "ஒத்தைக் கண்ணு. இமைக்கவே மாட்டேங்கு."

"அதான்வே தரம்," என்றார் ஆவுடையப்பன்.

முறை வைத்துப் பார்த்தார்கள். வடிவு பார்க்கும்போது சங்கிலி சாப்பிட்டார். சங்கிலி பார்க்கும்போது வடிவு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தார். இப்படியே போனால் வாரம் முழுதும் பார்ப்பதிலேயே தீர்ந்துவிடும், எடுக்க நாள் இருக்காது என்பதைக் கண்டுபிடித்தவர் கோமதிநாயகம். இலாகாவில் இருந்த அனுபவம். பார்ப்பதை வியாழக்கிழமையோடு நிறுத்தினார்கள்.

அடுத்தது ஆட்டோ. இந்தச் சொல் கிரேக்கத்தில் பிறந்தது. 'தானாக' என்று பொருள். பூலாங்கரையில் அது மூன்று சக்கரத்தோடு பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நிற்கும். தானாக மட்டும் ஒருபோதும் வராது. போய்க் கூப்பிட வேண்டும். சங்கிலி போய்ச் சுடலைமுத்துவின் ஆட்டோவைக் கூட்டி வந்தார்.

"எங்க போகணும்?" என்று கேட்டார் சுடலைமுத்து.

"எங்கயும் போகாண்டாம். இதை வண்டியில வச்சு எடுக்கணும்."

"எடுத்தா போகத்தான அண்ணாச்சி செய்யும்?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஆகவே போனார்கள். கேமராவைப் பின் சீட்டில் நடுநாயகமாக உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலைவரும் செயலாளரும் அமர்ந்தார்கள். பொருளாளர் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். பொதுக்குழு பின்னால் சைக்கிளில் வந்தது. ரைஸ்மில் வரை போய்த் திரும்பும் வழி முழுதும் வடிவு பொத்தானை அழுத்தினார்.

மாடிக்கு வந்து பின்புறக் கண்ணாடித் திரையில் பார்த்தபோது எல்லாப் படமும் கறுப்பாக இருந்தது. ஒன்றில்கூட வேறு நிறம் கலக்கவில்லை.

"நல்ல கறுப்பு," என்றார் ஆவுடையப்பன், நெடுநேரம் பார்த்துவிட்டு.

"ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் வித்தியாசமே இல்ல அண்ணாச்சி," என்றார் வடிவு. "தரம் மாறவே இல்ல."

"இது ரைஸ்மில்லு," என்று ஒன்றைக் காட்டினார் கோமதிநாயகம்.

"இல்லவே. இது ரைஸ்மில்லுக்கு முந்தி வருமே, அந்த ஆஸ்பத்திரி," என்றார் ஆவுடையப்பன்.

சங்கிலிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அந்தக் கண்ணுக்கு முன்னால ஒரு மூடி இருக்குல்லா. அதைக் கழத்தணுமோ?"

ஆவுடையப்பன் பரம்பரையாகப் பாத்திரம் விற்பவர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூடியைத் தொறந்து வச்சுச் சமைப்பானாவே எவனாவது? உள்ள இருக்க சத்தெல்லாம் ஆவியாப் போயிரும்."

பொதுக்குழு தன் கருத்தை வாபஸ் வாங்கியது. ஆட்டோ சோதனையை உறுதி செய்ய மறுநாள் மீண்டும் ஒருமுறை போனார்கள். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் சுடலைமுத்து வண்டியைக் குதிக்கவிட்டபோது மூடி தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. அதன் பிறகு வந்த படங்களில் ஊர் தெரிந்தது. ஆனால் கட்டடங்கள் எல்லாம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயின. ஆஸ்பத்திரி மேலக்கோடியிலிருந்து கீழக்கோடி வரை நீண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிய விரிவாக்கணும்னு எவ்வளவு நாளா மனு கொடுத்துக்கிட்டு இருக்கோம்," என்றார் கோமதிநாயகம், திரையைத் தொட்டுக் கும்பிட்டு.

மேனுவல் என்பது பெட்டிக்குள் இருந்த புத்தகம். தடிமனானது, உலகத்தின் பல மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. அதன் மேல் கேமராவை வைத்து எடுப்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதில்தான் வாக்குவாதம்.

"மொதப் பக்கம்," என்றார் சங்கிலி. "எதையும் மொதல்ல இருந்து தொடங்கணும்."

"கடைசிப் பக்கம்," என்றார் கோமதிநாயகம். "முழுசாப் படிச்ச மாதிரி இருக்கும்."

"இது என்ன கேமரா?" என்று கேட்டார் வடிவு.

"நடுத்தரம்."

"அப்ப நடுப்பக்கம்."

இவ்வளவு தெளிவான மூளை ஏன் தையல்கடையில் முடங்கிக் கிடக்கிறது என்று மற்ற மூவரும் வியந்தார்கள். நடுப்பக்கம் போலிஷ் மொழியில் இருந்தது. அதன் மேல் கேமரா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. எதிரே சங்கிலியை நிற்கவைத்து எடுத்ததில் அவருடைய வேட்டிக் கரை மிக நன்றாக வந்தது.

அந்தப் படத்தைத்தான் கூர்மைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஸ்டூடியோவில் கொடுத்து அட்டையில் போட்டு வாங்கி, வடிவின் தையல்மேஜை மேல் ஒரு புடலங்காயை வைத்து அந்த அட்டையால் அறுத்துப் பார்த்தார்கள். காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சங்கிலியின் வேட்டிக் கரைதான் மடங்கிப்போயிற்று.

"எங்கிட்ட ஒரு கத்திரி இருக்கு," என்றார் வடிவு. "பட்டுத் துணியில வச்சா தானா வழுக்கிக்கிட்டுப் போகும். அது கூர்மை. இது…" என்று உதட்டைப் பிதுக்கினார்.

நால்வருக்கும் முகம் வாடிவிட்டது. கூர்மை இல்லை என்று எழுதினால் கேமரா போய்விடும். கேமரா போனால் பந்தலில் மூலை போய்விடும். ஆவுடையப்பன் மெல்லச் சொன்னார்: "உள்ளதத்தான்வே எழுதணும். ஜிகர்தண்டா வந்தாலும் வரட்டும்."

அந்த நேரத்தில் கோமதிநாயகம் 'ஆ' என்று அலறினார். படத்தை உறையில் போடப் போனவரின் ஆள்காட்டி விரலை அட்டையின் ஓரம் கீறி, ஒரு பொட்டு ரத்தம் வந்திருந்தது.

"கூர்மை இருக்கு!" என்றார் ஆவுடையப்பன்.

நால்வரும் கட்டிக்கொண்டார்கள். கோமதிநாயகம் விரலை உயர்த்திப் பிடித்தபடி கட்டிக்கொண்டார்.

இரைச்சல் என்பது ஒளிப்படக்காரர்களுக்கு இருட்டுப் படத்தில் விழும் புள்ளி; மன்றத்துக்கு அது காதில் விழும் சத்தம். இரைச்சலுக்கு இருட்டு வேண்டும். பட்டப்பகலிலும் இருட்டாக இருப்பது கடைக்குப் பின்புறம் சரக்கு அடுக்கும் அறை. ஆளுயரத்துக்குக் குடங்களும் போணிகளும் அடுக்கியிருக்கும். கேமராவை உள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்தி, ஒவ்வொருவராக அதன் மேல் காதை வைத்துக் கேட்டார்கள்.

"ஒண்ணும் கேக்கல," என்று கிசுகிசுத்தார் வடிவு.

"கேக்காம இருந்தா நல்லதுதானக்கா?" என்று கிசுகிசுத்தார் சங்கிலி. இன்னும் நன்றாகக் கேட்பதற்காக ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். அங்கே ஒரு குடம் இருந்தது. அதன் மேல் இன்னொரு குடம். அதன் மேல் ஏறக்குறைய ஆவுடையப்பனின் முதலீடு முழுவதும்.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசியாக ஒரு டம்ளர் உருண்டு உருண்டு நின்றது. தெருவில் ஆள் கூடிவிட்டது.

"வந்துட்டு," என்றார் கோமதிநாயகம், இருட்டுக்குள்ளிருந்து. "இரைச்சல் வந்துட்டு."

"கூடுதலோ?" என்று கேட்டார் வடிவு.

"கொஞ்சம் கூடுதல்தான்."

இனி எழுதுவது ஒன்றுதான் பாக்கி. நடுநிலையாக நிற்க வேண்டும் என்றால் எதற்கு நடுவில் என்று முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஊருக்கு நடு நாலுமுக்கு. நாலுமுக்குக்கு நடு, நான்கு ரோடும் சேரும் இடம். அங்கே போய் நின்றார்கள். கேமராவைப் பற்றி எழுத வேண்டும் என்பதால் சங்கிலி அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். கோமதிநாயகத்தின் முதுகை மேஜையாக்கி வடிவு எழுத, ஆவுடையப்பன் சொல்லிக்கொண்டே வந்தார்.

நான்கு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு மினிபஸ் கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், ஓரமா நின்னு எழுதினா என்ன?"

"ஓரமா?" ஆவுடையப்பனுக்கு அதிர்ச்சி. "ஓரவஞ்சனை ஆயிராதா தம்பி?"

"ஒரு பக்கமாவது சாயுங்கய்யா, வண்டி போகட்டும்!"

"ஒரு பக்கமும் சாயமாட்டோம்," என்றார் வடிவு, எழுதுவதை நிறுத்தாமல்.

அந்த அறிக்கையை இங்கே முழுமையாகவே தரலாம், நீளமானதல்ல. 'இக்கேமரா வைத்துப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்றது. ஆட்டோவில் சற்றுக் குலுங்குகிறது. மேனுவலில் நன்றாக உட்காருகிறது. மூடி இருக்கும்போது கறுப்பு நிறம் அருமை. மூடி போன பிறகு ஊர் நீளுகிறது. கூர்மை உண்டு, பொருளாளருக்கு இன்னும் ஆறவில்லை. இருட்டில் இரைச்சல் இரண்டு தெருவுக்குக் கேட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.' கீழே நால்வரின் கையெழுத்து. சங்கிலியின் கை கேமராவைப் பற்றியிருந்ததால் அவருக்கு மட்டும் பெருவிரல் ரேகை.

அறிக்கை தபாலில் போன மூன்றாம் நாள் சேவியர் போன் செய்தார். குரலில் களைப்பு தெரிந்தது.

"அண்ணாச்சி, நான் இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்."

"சந்தோஷம்," என்றார் ஆவுடையப்பன்.

"நாளைக்குக் காலையில நம்ம கடை ஆளு ஒருத்தரு அங்க வருவாரு. பேரு ஜேக்கப். எடுத்துக்கிடுவாரு. நீங்க ரெடியா இருந்தாப் போதும்."

ஆவுடையப்பன் போனை அண்டாவின் மேல் வைத்தார்.

"எதை எடுத்துக்கிடுவாரு?" என்றார் சங்கிலி.

"கேமராக் கடையில இருந்து ஒருத்தர் எடுக்க வாராருன்னா எதை எடுப்பாரு? நம்மளத்தான்." ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது. "ரிப்போர்ட்டு பிடிச்சுப்போச்சுவே. எழுதின ஆளுக படத்தையும் சேத்துக் கடையில மாட்டப் போறாரு."

வாக்காளர் அட்டையில் தன் முகம் வேறு யாருடைய முகம் போலவோ இருப்பதாக வடிவுக்கு நெடுநாள் வருத்தம். அன்று ராத்திரியே பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து மடிப்பு நீவினார். கோமதிநாயகம் மீசைக்கு மை போட்டார். சங்கிலி சவரம் செய்துகொண்டார். அதனால் காலையில் மற்ற மூவருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை, பொதுக்குழு வரவில்லையே என்று வெகுநேரம் காத்திருந்தார்கள்.

கடை வாசலில் பெஞ்சைப் போட்டு நால்வரும் உட்கார்ந்தார்கள். கேமரா ஒரு புதுத் தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கோடு.

ஜேக்கப் மரியாதை தெரிந்த மனிதர். கும்பிட்டுவிட்டு, "எடுக்க வந்திருக்கேன் அண்ணாச்சி," என்றார்.

"எடுங்க, எடுங்க. உங்களுக்காகத்தான் இருக்கோம்."

ஜேக்கப் கேமராவை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ஆவுடையப்பன் எதையோ சரிசெய்ய எழுந்திருக்கப் போனபோது, "பரவால்ல, அப்படியே இருங்க, எந்திரிக்காண்டாம்," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

"அப்படியே இருக்கணுமாம்," என்றார் ஆவுடையப்பன். "யாரும் அசையக்கூடாது."

நால்வரும் அப்படியே இருந்தார்கள்.

"பையைத் தொறக்கலையே?" என்றார் சங்கிலி, உதடு அசையாமல்.

"வெயிலு. இப்பமே தொறந்தா சூடேறிரும்."

"ரொம்ப தூரம் போகுதாரே?"

"நாலு பேரும் படத்துல விழணும்லாவே. உமக்கு மட்டும் ரெண்டு ஆளு அகலம் வேணும்."

ஜேக்கப் தெருவைக் கடந்து, நாலுமுக்குக்குப் போய், அங்கே நின்ற ஜங்ஷன் பஸ்ஸில் ஏறினார்.

"பஸ்ல ஏறிட்டாரு அண்ணாச்சி," என்றார் வடிவு, புன்னகை கலையாமல்.

"நாம ஆட்டோல எடுத்தோம். அவரு பெரிய கடை. பஸ்ல எடுக்காரு."

இதே நேரத்தில் ஜங்ஷனில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. கடைக் கண்ணாடிமேஜை மேல் கிடந்த அறிக்கையை ஒரு ரிட்டையர்டு தாசில்தார் எடுத்துப் படித்தார். கேமராவைப் பற்றி இதுவரை அவர் படித்த எல்லாமே புகழ்ச்சியாக இருந்தனவாம். இரைச்சல் இரண்டு தெருவுக்குக் கேட்டது என்பதை ஒளிக்காமல் எழுதிய நேர்மையை இப்போதுதான் பார்க்கிறாராம். அதே ரகக் கேமரா ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார். போகிற வழியில் இரண்டு நண்பர்களையும் அனுப்பிவைத்தார். சேவியர் அறிக்கையை எடுத்துத் தடவிக்கொடுத்து, கண்ணாடிச் சட்டம் போட ஆளனுப்பினார். பிறகு, பூலாங்கரைக்காரர்களிடம் கேமராவை ஜேக்கப்பிடம் கொடுக்க வேண்டாம், அது மன்றத்துக்கே என்று சொல்வதற்காகப் போனைக் கையில் எடுத்தார்.

பஸ் நாலுமுக்கில் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு குரல் கொடுத்தால் ஜேக்கப்புக்குக் கேட்கும். ஆவுடையப்பனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"சேவியராத்தான் இருக்கும் அண்ணாச்சி," என்றார் கோமதிநாயகம், பல்லைக் கடித்தபடி.

போன் விடாமல் அடித்தது. பஸ் கிளம்பியது.

"எடுக்கட்டுமா?" என்று கேட்டார் சங்கிலி.

"சும்மா இரும்வே," என்றார் ஆவுடையப்பன், சிரித்த முகம் சிரித்தபடியே. "அவரு நம்மளை எடுத்துக்கிட்டு இருக்கும்போது நாம அவரு போனை எடுத்தா மரியாதையாவா இருக்கும்?"